அறுநூற்று நாற்பது வாளித் தண்ணீர்

அந்தச் சாம்பல் நிறக் கார் பதினான்கு மாதங்களில் அறுநூற்று நாற்பது வாளித் தண்ணீர் குடித்தது. அதில் ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை. காருக்குச் சொந்தக்காரர் பிரசவம் பார்க்கும் நர்சம்மா. ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள அத்தனை பேரையும் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவர் அவர்தான் என்பதால், அவரைக் கண்டால் போலீஸ்காரர்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரின் வண்டி மூன்றாவது தெரு முனையைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும், முன்பக்க மூடிக்குள் விசில் கேட்கும், பிறகு ஆவி கிளம்பும். லேசுப்பட்ட ஆவி இல்லை. அதற்குள் நடந்து வெளியே வந்தவர்களின் சட்டைகள் மடிப்புக் கலையாமல் விறைத்து நின்றன. தன் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்று இஸ்திரிக் கடைக்காரர் வழக்குப் போடக் கிளம்பினார். பதினாறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள், ஆவியில் ஆள் தெரியாமல் ஒருவரையொருவர் நலம் விசாரித்துவிட்டு, அது விலகியபின் முறைத்துக்கொள்ள வெட்கப்பட்டு, இன்றுவரை பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை ரேடியேட்டர் மூடி பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. புதன்கிழமை மதியம் தபால் நிலையக் கூரையில் வந்து விழுந்தது, அப்போதும் தொட்டால் சுட்டது. இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் பிறக்க வேண்டிய குழந்தைகளுக்கு இந்த வேடிக்கை தெரியாது. இரண்டு குழந்தைகள் நர்சம்மா வரும்வரை பொறுத்திருந்து பிறந்தன. மூன்றாவது பொறுக்கவில்லை; வாசலில் கேனோடு நின்ற பால்காரர் கையில் வந்து இறங்கியது.

காரைப் பழுது பார்த்தவரை எல்லோரும் காது என்றே அழைத்தார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உள்ளே எந்த உறுப்பு எதனோடு ஒத்துப்போகவில்லை என்று பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி விவரமாகச் சொல்லுவார். இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி திரும்பினால், இங்கே டீயை உறிஞ்சிக்கொண்டே, "அதுக்கு இடது பக்கம் பேரிங் போச்சு" என்பார். சொன்னால் சொன்னதுதான். அவர் கை பட்ட வண்டி அதே குறைக்கு மறுபடி வந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அந்தப் பெருமையைச் சாம்பல் நிறக் கார் ஏழு முறை வந்து துவைத்துக் காயப்போட்டது.

முதல் முறை, சூடு ஏறினால் திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டாம் முறை தண்ணீரைத் தள்ளும் பம்ப். மூன்றாம் முறை ரேடியேட்டரைக் கழற்றி அதன் குழாய்கள் ஒவ்வொன்றையும் கம்பி விட்டுத் துலக்கினார். நான்காம் முறை இன்ஜினின் தலையையே தூக்கி, கீழே கசியாமல் அடைத்து நிற்கும் கேஸ்கட்டை மாற்றி, தலையைக் கண்ணாடி மாதிரி சமப்படுத்தினார். அந்தப் பளபளப்பில் நின்று பக்கத்துக் கடைக்காரர் சவரம் செய்துகொண்டு போனார். பிறகு புது ரேடியேட்டர், புது விசிறி, புது ரப்பர்க் குழாய்கள். காற்றடித்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். இரண்டு நாள் கடுகளவும் இறங்காமல் நின்றது. தண்ணீர் உள்ளே எரிந்து வெள்ளைப் புகையாக வருகிறதா என்று ஸ்கூட்டரில் காரின் பின்னாலேயே மூக்கை நீட்டிக்கொண்டு போனார். ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றினால் நிரம்பியது, ஓட்டினால் காணாமல் போயிற்று.

"உன் காதுல என்ன பஞ்சா?" என்று நர்சம்மா ஏழாவது முறை கேட்டார். "நாளைக்கு ஒரு தாய்க்கு ஏதாவது ஒண்ணு ஆனா, நீ போய்ப் பதில் சொல்லுவியா, உன் ஸ்க்ரூடிரைவர் சொல்லுமா?"

"இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடறேன்மா."

"பாரு. இதுக்கப்புறம் உன்னக் காதுன்னு கூப்பிடறவங்க வாய நானே தைக்கறேன். எனக்குத் தையல் நல்லா வரும்."

அவர் செய்யக்கூடியவர் என்பதால் காது அன்று காலை கடைசி வழியைக் கையிலெடுத்தார். கசிவு கண்டுபிடிக்கச் சாயம் ஒன்று உண்டு. தண்ணீரோடு கலந்துவிட்டால் வெறும் கண்ணுக்குத் தெரியாது; நீல டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். ஊசிமுனை அளவு ஓட்டையாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ரேடியேட்டரில் ஒரு புட்டிச் சாயம் ஊற்றி நர்சம்மாவை ஊர் சுற்றி வரச் சொன்னார். மதியம் கார் கொதித்துக்கொண்டு வந்து சேர்ந்தது, உள்ளே பாதித் தண்ணீர் இல்லை. காரின்மேலும் தன்மேலும் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த இருட்டில் அங்குலம் அங்குலமாக டார்ச் அடித்தார். பச்சை என்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. வியர்த்து வழிந்து வெளியே வந்தவர், நாற்பது வயது கூடிப்போன மாதிரி நடந்து, பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனார். டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் சட்டைப் பையில் செருகியிருந்தார்.

சமையலறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல், எப்போதும் மங்கல். மனைவி தட்டு வைக்கக் குனிந்தாள். நீல வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. இரண்டு கண்ணிலிருந்தும் கன்னம் வழியாகக் கழுத்து வரைக்கும் இரண்டு பச்சைக் கோடுகள் ஒளிர்ந்தன. முந்தானையின் ஓரம் ஒளிர்ந்தது. காது டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, கார் பார்க்கிற அதே ஒழுங்கில், வீட்டைப் பார்த்தார். கைப்பிடித் துணி, காய் நறுக்கும் பலகை, சற்று முன் அவள் தலை சாய்த்த தலையணை, ஜன்னலோரம் அவள் நிற்கிற இடத்துத் தரை. எல்லாம் பச்சை. ஊரெல்லாம் தேடிய கசிவு வீட்டுக்குள் தீபாலங்காரம் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டார்.

"எது?"

"இந்த அழுக."

"அழுகையா? கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான். சும்மா இருக்கும்போதே வருது. கண் டாக்டர் சொட்டு மருந்து குடுத்தார். அதையும் சேத்துக்கிட்டு வருது."

"எங்கிட்ட சொல்லலயே."

"உங்ககிட்ட சொன்னா கழட்டிப் பாப்பீங்க."

பதினான்கு மாதம் என்றாள். அவர் விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினார். எண்ணி முடித்த இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சாம்பல் நிறக் கார் முதலில் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே, டைப்பிஸ்ட் வேலையில் சம்பாதித்துத் தானே வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம், எங்கே என்று இல்லாமல், தனியாக ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவாள். வரும்போது முகம் கழுவி வைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். முழங்கால் எலும்பு முறிந்து அவள் மூன்று மாதம் படுத்திருந்தபோது வண்டி சும்மா நின்றது. சும்மா நிற்கிற வண்டியைக் கண்டால் மெக்கானிக்குக் கை துறுதுறுக்கும். டயர் தட்டையாகிறது, பாட்டரி செத்துப்போகிறது, வண்டிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வண்டி தேவைப்பட்ட நர்சம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். கால் சரியான முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் சாவியோடு வாசலுக்கு வந்தாள். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. விஷயத்தைச் சொன்னார். "சரி" என்றாள். இரண்டு தெருவுக்கு அப்பால் பேரிங் தேய்வதைக் கேட்டவருக்கு, இரண்டடி தூரத்தில் அந்தச் சரி எந்த நிலையில் இருந்தது என்று கேட்கவில்லை.

சாப்பிடாமல் எழுந்து நர்சம்மா வீட்டுக்கு ஓடினார்.

"தண்ணி எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்மா."

"எங்க?"

"எங்க வீட்டுக்காரி கண்ணு வழியா."

நர்சம்மா ஒரு நாடித் துடிப்பை எண்ணி முடிக்கிற நேரம் யோசித்தார். நாற்பது வருடம் உடம்புகளோடு பழகியவர்; அவருக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அவ வண்டியா அது? அவளக் கேக்காமலா எனக்குக் குடுத்தே?"

"அது சும்மா நின்னுச்சும்மா."

"நீயுந்தான் பாதி நாள் சும்மா நிக்கற. உன்ன யாராவது தள்ளி விட்டாங்களா?"

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட அவராலும் முடியாது. அந்த வாரம் மட்டும் நான்கு பிரசவம் இருந்தது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தார். வழக்கம்போல ஆவி. காது வேறு வழி தெரியாமல் பழக்கதோஷத்தில் காருக்கு அடியில் புகுந்துகொண்டார். அவருக்குப் பேச்சு வருகிற இடமே அதுதான். நிமிர்ந்து நின்று ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே வாக்கியம் "நாளைக்கு வாங்க". மனைவியை டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார். அவள் வந்து பிடித்தாள். இன்ஜினைப் பார்த்துக்கொண்டே அடியிலிருந்து பேசினார்.

"உன்னக் கேக்காம குடுத்துட்டேன். அது நின்னதுதான் தெரிஞ்சுது. நீ ஓட்டறது தெரியல. தப்பு பண்ணிட்டேன்."

"வெளிய வந்து சொல்லுங்க" என்றாள்.

வெளியே வந்தார். நெற்றியெல்லாம் கரி, மீசையில் கிரீஸ். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, அதே வார்த்தைகளை, ஒன்றும் விடாமல், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று லிட்டர் வியர்த்துவிட்டது என்று நர்சம்மா பின்னால் எல்லோரிடமும் சொன்னார். அவர் பார்த்தவர், அவர் அளவில் தப்பிருக்காது.

"ம்" என்றாள் மனைவி. பிறகு, "மீசையத் தொடச்சுக்குங்க."

நர்சம்மா சாவியை அவள் கையில் வைத்தார். "எனக்கு வண்டி வேணும், ஓட்டத் தெரியாது. இத்தன நாளா ஓட்டறதா நெனச்சுக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான். நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கறேன். ஞாயித்துக்கிழம உன் வண்டி, உன் இஷ்டம். அன்னிக்கு எவளும் பிள்ள பெக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன்."

அவள் உட்கார்ந்து, இருக்கையை ஒரு பிடி முன்னால் இழுத்து, சாவியைத் திருப்பினாள். முள் நடுவில் வந்து நின்றது. ஊரை மூன்று சுற்றுச் சுற்றியும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அடுத்த பதினொரு வருடத்தில் அவள் நர்சம்மாவை இரண்டாயிரத்துச் சொச்சம் பிரசவங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சத்தியமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. சனிக்கிழமை மாலை மட்டும் கொஞ்சம் நெரிசல். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை முள் ஏறும். அவளைக் கேட்காமல் காது சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தபோது ஏறியது. சினிமாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு டிராக்டருக்கு அடியிலேயே இருந்துவிட்டபோது ஏறியது. நர்சம்மா போன் செய்து, "ஏறுதுப்பா" என்று மட்டும் சொல்லுவார். காது பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று காத்திருப்பார். வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமே என்று ஊரில் யாரும் சொன்னதில்லை.

ஒரு பகல், பிரசவத்துக்கு விரைந்துகொண்டிருந்தபோது, பாலத்தின்மேல் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அவள் ஓரமாக நிறுத்தினாள்.

"இன்னிக்கு என்ன பண்ணித் தொலச்சான்?" என்றார் நர்சம்மா.

"அவர் ஒண்ணும் பண்ணலம்மா. என் தங்கச்சி போய் இன்னியோட ஒரு வருஷம்."

நர்சம்மா கீழே இறங்கி, கேனிலிருந்து தண்ணீரை ஊற்றினார், அவசரப்படுத்தவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பும்வரை பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். இருவரும் போய்ச் சேர்ந்த இரண்டாவது நிமிடம் குழந்தை பிறந்தது, பெண், மூன்று கிலோ.

சாயங்காலம் விஷயம் காதின் காதுக்கு வந்தது. காரின் முன்மூடியை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும், "உன் தங்கச்சி சின்ன வயசுல எப்படி இருப்பா?" என்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தட்டில் இருந்ததெல்லாம் ஆறிப்போயிற்று.