பெஜோவின் பின் சீட்டு

பாண்டி உழவர்கரையில், கார் சீட்டுக்குத் தோல் வேலை செய்யும் பெனிஷாவின் கொட்டகை வாசலில் இழுவை வண்டி வந்து நின்றது. தார்ப்பாயை விலக்குவதற்கு முன்பே, அடியில் தெரிந்த சக்கரத்தைப் பார்த்து அவளுக்கு விளங்கிவிட்டது. லூயி முசேவின் பெஜோ. பாண்டியில் பிரெஞ்சு வழக்கில் ஐயா என்பதற்கு முசே. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அவர் கப்பலில் கொண்டுவந்த கார். அவளுடைய அப்பா பிரகாசம் பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்து ஓட்டிய கார்.

முசே இறந்து ஆறு வருஷமாகிவிட்டது. அவருடைய மகன் ஜோசப் ஆனந்த் பிரான்சிலிருந்து வந்திருந்தார். கருநீலம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்த காரின் கூரையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"தை மாசம் மக கல்யாணம். பொண்ணு இந்தக் கார்லதான் கோயிலுக்குப் போவணும்னு எனக்கு ஆசை. லெதர் வேலைன்னா பாண்டியில உன் பேரத்தான் எல்லாரும் சொல்றாங்க."

"கைல வேலை நெறைய கெடக்கு சார்."

"அவசரமில்லம்மா. வண்டி இங்கியே இருக்கட்டும். யோசிச்சுச் சொல்லு."

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தார். "வேணாம்னு சொல்லிடாதம்மா. எனக்காகச் செய்யி."

"உங்களால எப்படிப்பா முடியுது?" என்றாள் பெனிஷா. அவர் கை கழுவ எழுந்து போனார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மழையில், அவளுடைய அம்மா ஆனந்தமேரி ரத்தமாக வாந்தி எடுத்தாள். முசே வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் அப்போது குடியிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி. தெருவில் முழங்கால் தண்ணீர். அப்பா ஆட்டோ தேடி ஓடினார். பதினான்கு வயது பெனிஷா அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே கார் ஷெட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஆட்டோ வந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவை இறக்கும்போதே உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்று அவள் கேட்டாள், கார் இருந்ததே என்று. "முசே சாவிய எடுத்துக்கிட்டுக் காரைக்காலுக்குப் போயிட்டாரும்மா" என்றார் அப்பா.

அதோடு அவளுக்கு அந்த வீடே ஆகாமல் போயிற்று; அடம்பிடித்து வேறு இடத்துக்குக் குடிமாற வைத்தாள். செலவெல்லாம் தன்னுடையது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து மேலே படிக்க வைக்கிறேன் என்று முசே வீடு தேடி வந்து சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு, பதினெட்டு வயதில் தோல் பை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தாள். தோலைக் கையால் தொட்டே வயது சொல்லும் அளவுக்கு அங்கே தேறினாள். முசே சாவுக்குக்கூட அவள் போகவில்லை. அப்பா போய், மூன்று நாள் அங்கேயே இருந்து, கண் வீங்கித் திரும்பி வந்தார்.

ஆனாலும் வேலையை எடுத்துக்கொண்டாள். அப்பா அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

பெயிண்ட் வேலை நெடுமாறனுடையது. கொட்டகையின் மறுபாதியை வாடகைக்கு எடுத்திருந்தவன், அவளைவிட இரண்டு வயது சின்னவன், வாய் ஓயாதவன். உப்புக் காற்றில் கதவின் கீழ்விளிம்பெல்லாம் கொப்புளித்திருந்தது. துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசித் தேய்த்தான். "அக்கா, இதுக்குக் கீழ இன்னொரு பெயிண்டே இல்ல. கம்பெனி பெயிண்டு. ஒரு தடவகூட எங்கயும் மோதல. உங்கப்பா கைய கும்பிடணும்" என்றான்.

சீட்டுகளைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது அவளுக்கும் அது தெரிந்தது. டிரைவர் சீட்டுதான் மோசம். அப்பாவின் உடம்பு பதிந்து பதிந்து ஸ்பாஞ்சு குழிந்து, ஏறி இறங்கும் பக்கத்தில் தோல் வெடித்திருந்தது. பின் சீட்டில் விரிசல் மட்டும்தான். பால்காபி நிறம் இன்னும் மங்கவில்லை. மென்மையான பிரஷ்ஷால் நுரை போட்டு அழுக்கெடுத்தாள். விரிசல்களில் பசை நிரப்பி, காயவைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாள். விரல் ஓட்டினால் எங்கேயும் தட்டக்கூடாது. அதுதான் அவள் கணக்கு.

நிறம் பார்க்க ஜோசப் ஆனந்த் வாரம் இரண்டு தடவை வந்தார். மூன்றாவது வாரம் அவள் கலந்து வைத்திருந்த சாயத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"கொஞ்சம் செவப்பு தூக்கலா இருக்கும்மா. அப்பாவுக்கு இந்தக் கலர் உசுரு."

"உசுருதான் சார்," என்றாள் பெனிஷா. அதற்குமேல் அடக்க முடியவில்லை. "எங்கம்மா உசுரு போனப்ப சாவிய ஜேபில போட்டுக்கிட்டுக் காரைக்கால் போனாரே. கலர் மட்டும் அப்படியே இருக்கணும்."

மறுபக்கத்தில் நெடுமாறன் தேய்ப்பதை நிறுத்தினான். ஜோசப் ஆனந்த் அவளையே பார்த்தார்.

"சாவியா? சாவி எப்பவும் பிரகாசண்ணன் கிட்டதானே இருக்கும். அன்னைக்கு நாங்க சொந்தக்காரங்க வண்டியில காரைக்கால் போயிருந்தோம், மழைன்னு அங்கேர்ந்து வீட்டுக்குப் போன் பண்ணோம். உங்கப்பாதான் எடுத்தாரு. உங்கம்மாவுக்கு ரொம்ப முடியலன்னாரு. கார எடுத்துக்கிட்டு உடனே போடான்னு அப்பா கத்துனாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அவன் ஏன் எடுக்கல, ஏன் எடுக்கலன்னு சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் கையிலிருந்த சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நாளைக்கு வாங்க சார். செவப்பக் கொறச்சு வெக்கிறேன்" என்றாள்.

வீட்டில் அப்பா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"சாவி உங்க கைல இருந்துச்சா?"

அவர் பூண்டை உரித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"ஜோசப் தம்பி சொல்லிச்சா?"

"நீங்க சொல்லுங்க."

"போன வெச்சிட்டுத்தான் ஓடுனேன், பத்து நிமிஷத்துல ஆட்டோ கெடச்சிடும்னு நெனச்சேன். வாந்தி நிக்கல அவளுக்கு. எல்லாம் ரத்தம். சீட்டுக்குப் புது லெதர் போட்டு ஒன்றரை மாசந்தான் ஆயிருந்துச்சு. முசே எவ்ளோ ஆசையா..." அவர் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். "கறை பட்டுச்சுன்னா போவாதும்மா."

"போவும்பா," என்றாள் பெனிஷா. "நான் எடுத்துருவேன். அரை நாள் வேலை."

அவர் முகம் கோணிற்று. அழுகிறாரா என்று அவள் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள். படிக்க வைக்கிறேன் என்று வாசலில் வந்து நின்ற கிழவரின் முகம் நினைவுக்கு வந்தது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நின்றார். அப்போது அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் பின் சீட்டு அவள் மேசைமேல் கிடந்தது. தோல் அறுக்கும் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நெடுமாறன் அன்று அவள் கையைப் பார்ப்பதும் கதவைத் தேய்ப்பதுமாக இருந்தான். அவள் கத்தியை எடுத்து, பிரிந்திருந்த நூல்களை மட்டும் நறுக்கினாள். ஒவ்வொரு தையலாகப் புது நூல் கோத்தாள். சாயம் அடித்து, காயவைத்து, திரும்ப அடித்தாள். இப்படி ஒரு வேலையை அவள் அதற்கு முன் செய்ததில்லை. கார் முடிந்து வெளியே வந்தபோது பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஜோசப் ஆனந்த் பின் சீட்டில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார்.

"கல்யாணத்தன்னைக்குப் பிரகாசண்ணன்தான் ஓட்டணும். கேட்டுச் சொல்றியாம்மா?"

"நீங்களே கேட்டுக்குங்க சார்."

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அவள் போகவில்லை. பூ வைத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு, கோயில் வாசலில் ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினார் என்று நெடுமாறன் வந்து சொன்னான். சாயங்காலம் அப்பா கேக் பெட்டியோடு வந்தார். பெட்டி மேசைமேலேயே இருந்து, எறும்பு வந்தபின் அவரே எடுத்துப்போய்க் கொட்டினார்.

ஒரு வாரம் கழித்து, நின்றபடியே சொன்னார். "ஜோசப் தம்பி ஊருக்குக் கெளம்புது. வீட்டயும் காரையும் பாத்துக்க ஆள் வேணுமாம். பின்னாடி ரூம்ல இருந்துக்கன்னுச்சு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போவட்டுமா?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தன்னுடைய இரண்டு வேட்டிகளையும் ஜெபமாலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது அங்கேதான் இருக்கிறார். மாசம் பிறந்தால் கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று அவருடைய பிரஷர் மாத்திரையை வாங்குவது பெனிஷாதான். கொண்டுபோய்க் கொடுப்பது நெடுமாறன்.