சொல்லிக்கொடுத்த கடி

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காவல்காரனாக இருந்தான் ஜக்கையன். காய வைத்த ஏலக்காய் அந்த வருஷம் ஸ்டோரிலிருந்து மூட்டை மூட்டையாகத் திருடு போனது. முதலாளி சலித்துக்கொண்டபோது, "நான் ஒரு நாயத் தயார் பண்ணித் தர்றேன் மொதலாளி" என்று தானாக முன்வந்து சொன்னவன் அவன்தான்.

ஒரு கறுப்பு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து இருட்டறைக்குள் போட்டு அடைத்தான். வேலையாட்களில் யாரையாவது கம்பளி போர்த்தி உள்ளே அனுப்பிக் கம்பால் அடிக்கச் சொல்வான். அவர்கள் வெளியே வந்ததும் தான் போய்த் தடவிக்கொடுத்துச் சோறு வைப்பான். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவனைத் தவிர மனுச வாடையே ஆகாத பிராணியாக அது வளர்ந்து நின்றது. கருவாயன் என்று பேர் வைத்தான். திருட்டு நின்றது. போடியிலிருந்து வந்த முதலாளி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஒருநாள் காய் பறிக்கும் மருதாயி தூறலுக்கு ஒதுங்க ஸ்டோர் பக்கம் ஓடிவந்தாள். கருவாயன் எம்பியதில் சங்கிலி அறுந்தது. ஜக்கையன் ஓடிவந்து விலக்குவதற்குள் அவளது வலது கை கிழிந்து தொங்கியது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள்.

"அதக் கொன்னு போட்டுட்டு வேற சோலியப் பாரு" என்றார் முதலாளி.

ஜக்கையனுக்குக் கை வரவில்லை. நாயை மலைக்கு அந்தப்புறம் சோலைக்காட்டுக்குள் கூட்டிப்போய் அவிழ்த்துவிட்டான். அது பின்னாலேயே வந்தது. வராமல் நிற்கும்வரை கல்லால் அடித்தான். திரும்பி வந்து, கொன்றாகிவிட்டது என்று சொன்னான்.

அதன் பிறகு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதே எழுந்துபோய்ச் சரிவைப் பார்த்து நிற்பான். "கால்ல சக்கரம் கட்டுனாப்ல எதுக்குய்யா அலையிற?" என்று கேட்டாள் பெண்டாட்டி ஆயம்மாள். டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டார்கள்: சோலைப்பக்கம் விறகுக்குப் போனவளை ஒரு கறுப்பு நாய் விரட்டியதாம், பொழுது சாயும்வரை மரத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

போடி ஆஸ்பத்திரிக்குப் போனான். மருதாயியின் விரல்கள் மடங்கவில்லை.

"நாயக் கொன்னுட்டியாமேண்ணே" என்றாள்.

அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல தாயி. காட்டுல விட்டுட்டேன்."

அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அது என்ன செய்யும். நீ சொல்லிக்குடுத்ததச் செஞ்சுச்சு. அதுக்கு வேற ஒண்ணுந் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? அங்கிட்டு விறகுக்குப் போறவளுக்கும் கை வேணும்ல."

அங்கிருந்து வீட்டுக்கு வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மலையேறினான். சோலை சோலையாகக் கூப்பிட்டுத் திரிந்தான். ஓடைக்கரைப் புதரிலிருந்து அது வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தது. விலா எலும்பு தெரிந்தது. கழுத்துப்பட்டை புண்ணுக்குள் பதிந்திருந்தது. கல்லால் அடித்தவன் காலிலேயே தலையை வைத்துப் படுத்தது. இடுப்பில் அரிவாள் இருந்தது. அதை உருவிக் கழுத்துப்பட்டையை அறுத்தெடுத்தான். புதுக்கயிறு கட்டினான்.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னான். வேலை போனது. மலைக்குக் கீழே பொட்டிபுரத்தில் ஆயம்மாளின் மானாவாரிக் காட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், ஆளுயரத்துக்குக் கல்லடுக்கிக் கொட்டடி கட்டினான். கூலிக்குப் போனாலும் பாதி வேலையில் திரும்பி ஓடிவருவான். சொந்த மச்சினன் கல்யாணத்துக்கும் போகவில்லை. மருதாயி வீட்டுக்கு விறகு பிளந்து போடுவதும் அவன்தான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

"எம்புட்டு நாளைக்குய்யா இப்படி?" என்றாள் ஆயம்மாள்.

"அது இருக்க மட்டுக்கும். நான்தான அத இப்படி ஆக்குனேன்."

மறுநாளிலிருந்து அவளும் சோற்றுச்சட்டியோடு கொட்டடிக்கு எட்ட வந்து உட்கார்ந்தாள். கருவாயன் கல்லில் மோதி மோதி உறுமியது. கோடை முழுக்க உறுமியது. மழை தொடங்கிய ஒரு காலையில், அவள் கதவிடுக்கில் தள்ளிய சோற்றை, உறுமிக்கொண்டே தின்றது.

ஆயம்மாள் சிரித்தபடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஜக்கையன் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவின் நாதாங்கியை இழுத்துப் பார்த்தான். திரும்பி நடந்தவன், மறுபடியும் போய் இழுத்துப் பார்த்தான்.