மாடிக்குத் தண்ணீர் வராது

மருமகள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கதவுக்கு வெளியே துண்டும் கையுமாக நின்றிருந்த மகள், துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள் நேரத்துக்குப் போயாக வேண்டும்.

"சோபாவுல படுக்கறவங்க தலகாணிய எடுத்து உள்ள வச்சா நல்லா இருக்கும் மாமா," என்றது தாழ்ப்பாளுக்குள்ளிருந்து குரல். "வீட்டுக்கு நாலு பேரு வர்றாங்க, போறாங்க."

மாமா என்பது வீட்டுப் புரோக்கர். மகன் குடும்பத்துக்கு ஓர் அறை, அவருக்கு ஓர் அறை, புருஷனை விட்டுவிட்டு வந்த மகளுக்குக் கூடத்துச் சோபா என்று ஏற்பாடு. ஊருக்கெல்லாம் காற்றோட்டமாக வீடு பிடித்துக் கொடுத்தவர் வீட்டில் மூச்சு விடுவதற்கே முறை வைக்க வேண்டியிருந்தது.

அவருடைய போன் அடித்தது.

"வணக்கம், நம்பிக்கை பேசறேன்."

அதுதான் அவர் பெயராகிப் போயிருந்தது. தொழிலில் இறங்கிய புதிதில் 'நம்பிக்கையே எங்கள் முதலீடு' என்று அட்டை அடித்தார். ஜனங்கள் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்ற புரோக்கர்களுக்குக் 'கமிஷன்', 'கழுத்தறுப்பு' என்றெல்லாம் பட்டம் இருக்க, தனக்கு மட்டும் இப்படி ஒன்று வாய்த்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமை. பேசும்போது கண்ணை லேசாக மூடிக்கொள்வார். மேடை மட்டும்தான் பாக்கி.

"மாடிக்குத் தண்ணி வந்துடுச்சாங்க?" போனில் ஒரு பெண் குரல். ஆஸ்பத்திரியில் நர்ஸ், தனி ஆள். "பரவால்லன்னு சொன்னா இன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துடுவேன்."

"இன்னும் சரி பண்ணலம்மா. உங்களத் தண்ணி கஷ்டத்துல தள்ளிட்டு நான் எப்படித் தூங்கறது? இன்னிக்கு அந்தப் பக்கம் போவேன். பாத்துட்டுச் சொல்றேன், பிற்பாடு கூப்பிடுங்க."

"நீங்க உண்மையச் சொல்றதாலதான் உங்ககிட்டயே கேக்கறேன்."

"அது நம்ம கடமை," என்று கண்ணை மூடினார். திறந்தபோது மகள் எதிரில் நின்றிருந்தாள்.

"அந்த மாடிய எனக்குப் பாத்துக் குடுங்கப்பா. தண்ணி வராட்டி என்ன, நான் கீழேருந்து தூக்கிக்கறேன்."

புரோக்கர் போனைச் சட்டைப் பையில் போட்டு, மறுபடி எடுத்தார்.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊர் நம்பியது; பெரும்பாலும் அது சரிதான். காலண்டருக்குப் பின்னால் இருக்கும் விரிசலை அவரே காட்டுவார். மழைக்காலத்தில் எந்தச் சாக்கடை நாறும் என்று முன்கூட்டியே சொல்வார். 'குழாயைத் திறந்த கையோடு மூடிடாதீங்க, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க' என்று கற்றுக்கொடுப்பார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உண்மைக்கு விடுமுறை. மாடிப்படி திரும்பும் இடத்தில், மூச்சு வாங்குவதுபோல நின்று, "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்பார். வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லாத பெண்ணாக இருந்தால், வீட்டு உடைமையாளரிடம் போய் உள்ளதைச் சொல்லி, "வேணாங்க, பின்னாடி தலைவலி. தண்ணி வராதுன்னு சொல்லிக்கலாம்" என்பார். அந்தப் பெண்ணிடம் வந்து, தண்ணீர் வராது என்பார். முகத்துக்கு நேரே சொன்னால் மனசு நோகும் அல்லவா? தண்ணீர்மேல் பழியைப் போட்டால் யாருக்கும் நோகாது. தண்ணீரும் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. இதை அவர் பொய்க் கணக்கில் சேர்த்ததே இல்லை. இங்கிதம் என்று வைத்திருந்தார்.

வேண்டாம் என்று மகளிடம் சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. குளியலறைக்குள் வேண்டுமென்றே மெதுவாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்ததும் இருவரும் கிளம்பினார்கள்.

மாடிப்படி திரும்பும் இடம் வந்ததும் அவர் கால்கள் பழக்கதோஷத்தில் நின்றன.

"கேளுங்கப்பா," என்றாள் மகள். "எல்லார்கிட்டயும் இங்கதான் கேப்பீங்களாமே. அண்ணன் சொல்லிச் சிரிக்கும்."

"வாயாடாத, ஏறு."

இரண்டு ஜன்னலும் நல்ல வெளிச்சமுமாக இருந்தது மாடி. அவள் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அவர் சொல்லிக்கொடுத்தபடி உடனே மூடவில்லை. தண்ணீர் தொட்டியில் மோதிச் சிதறியது. அவள் புடவை முன்பக்கம் நனைந்தது.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று பரிசோதிப்பதில் மும்முரமாக இருந்தார்.

"இன்னிக்குத்தான் வருது போல," என்றார் கொக்கியிடம்.

கீழேயிருந்து கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு உடைமையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முட்டிவலி, மாடி ஏறுவதில்லை. பெண் விடுதலை பற்றிப் பேசப் போன இடங்களில் கொடுத்த கேடயங்கள் கூடம் முழுக்க வரிசையாக நின்றன. பேச்சு எப்படியோ, தூசி துடைக்கவே ஒரு ஆள் வேண்டும். புரோக்கர் போனை டீப்பாயில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நம்ம பொண்ணுதானே நம்பிக்கை? பாத்தாலே தெரியுது. மாப்பிள்ளை எங்க இருக்காரு?"

வாழ்க்கையில் முதல்முறையாக மறுபக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர், அது வந்து..."

"இழுக்காதீங்க. நான் அப்படிப்பட்டவ இல்ல, என்னைத் தெரியும் உங்களுக்கு. ஆனா நீங்கதானே அந்த நர்ஸ் பொண்ண வேணாம்னீங்க? உங்க வார்த்தைய நம்பித்தான் நானும் சரின்னேன். இப்ப உங்க பொண்ணுக்கு ஒரு நியாயம், ஊரான் பொண்ணுக்கு ஒரு நியாயம்னா நல்லாவா இருக்கும்?" அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "வெளியூர்ல வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நீங்க சொன்னா நான் அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

மருமகளின் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. சோபா நினைவுக்கு வந்தது. புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெளியூர்லதான் டீச்சர். வருஷத்துக்கு ஒருவாட்டி வருவாரு."

"அப்படி யாரும் வர மாட்டாங்க," என்றாள் மகள், கடைசிப் படியில் நின்றபடி. "நான்தான் வேணாம்னு வந்துட்டேன். வந்தா நான் மட்டும்தான் இருப்பேன் டீச்சர். வாடகை ஒழுங்கா வரும்."

தலைமையாசிரியை அவளைப் பார்க்கவில்லை, புரோக்கரைப் பார்த்தார். வகுப்பில் காப்பியடித்தவனைப் பார்க்கும் பார்வை.

"நீங்களா பொய் சொன்னீங்க நம்பிக்கை?"

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்குள் இது தெருத்தெருவாகப் போய்விடும். இத்தனை வருஷமாகச் சொன்ன பொய்களால் சம்பாதித்த நல்ல பெயர், இந்த ஒரு பொய்யால் போகும்.

அந்த அம்மாள் மகள் பக்கம் திரும்பியபோது முகம் கனிந்திருந்தது. மேடையில் கேடயம் வாங்கும் முகம்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சந்தோஷமாக் குடுத்திருப்பேன். ஆனா பாரு, மாடிக்குத் தண்ணி வராது. தனியா நீ எப்படிச் சமாளிப்ப?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னலை ஒட்டி இறங்கும் குழாய் வழியாக, மாடிச் சமையலறைத் தொட்டியின் தண்ணீர் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"மூட மறந்துட்டேன் டீச்சர்," என்றாள் மகள்.

அந்த அம்மாள் முட்டியைத் தடவினார். மகள் அசைவதாக இல்லை. ஆகவே புரோக்கர் எழுந்து படியேறினார். தண்ணீர் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. குழாய் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. முழுக்கைச் சட்டை முழங்கை வரை நனைந்தது.

இறங்கும்போது கீழே அவருடைய போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மகளின் குரல்.

"இல்லைங்க, நான் அவர் பொண்ணு. காலையில மாடி கேட்ட நர்ஸ்தானே நீங்க? ஆமா, அந்த வீட்டுலதான் இருக்கோம். இப்பதான் மாடிக் குழாயத் திறந்து பாத்தேன்."

புரோக்கர் படி திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார்.

"தண்ணி நல்லா வருதுங்க. உங்களுக்கும் எனக்கும்தான் வராதாம்."

அவர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேலே போக வேலை இல்லை. கீழே போகக் கால் வரவில்லை.