அமிர்தம் படித்து முடிக்காத நாவல்

விருத்தாசலம் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர வந்த ஆண்டாளின் விலாசத்தைப் பார்த்ததும் நூலகர் ஆதிநாராயணன் பேனாவைக் கீழே வைத்தார். அது 1969.

"செராமிக் பேக்டரி கொளஞ்சியப்பன் வூடுங்களா? அங்கருந்து அமிர்தம்னு ஒருத்தவங்க வருவாங்க."

"அவங்க எறந்துட்டாங்க. நான் ரெண்டாந்தாரங்க."

அவர் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். பிறகு ஒரு நாவலை எடுத்து வந்தார். "நல்லதாத் தேடித் தேடிப் படிப்பாங்க. இது அவங்க எடுத்துட்டுப் போய்ப் படிச்சதுதாம்மா."

கல்யாணமாகி எட்டு மாதமாகியும் கொளஞ்சியப்பன் முதல் மனைவியைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவள் படிப்பாள் என்பதே ஆண்டாளுக்குப் புதிது.

வீட்டில் பிரித்துப் பார்த்தால், வரிகளுக்கடியில் மெல்லிய பென்சில் கோடுகள். ஆண்டாள் மனம் நின்ற இடத்திலெல்லாம் இன்னொருத்தி முன்பே நின்றிருந்தாள். அமிர்தம் படித்தவற்றையே கேட்டு அடுத்து எடுத்தது பஞ்சத்தைப் பற்றிய கட்டுரை நூல். அதன்பின் ஒரு கவிதைத் தொகுப்பு. அதில் ஒரு பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்து: 'நம் அடுப்படித் தகரத்திலும் மழை இப்படித்தான் பேசுகிறது.'

அன்று மழை. உலை கொதித்து வழிவதையும் கவனிக்காமல் ஆண்டாள் அடுப்படியில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயம். புத்தகத்தைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் கொளஞ்சியப்பன் அவள் படிப்பதைப் பார்த்தான். அவனுக்கு எழுத்து தெரியாது.

"ஏது இது?"

"லைப்ரரிலங்க. அவங்க படிச்சதாம்."

அவன் பரணில் ஏறி, துணி சுற்றிய ஒரு நாவலை இறக்கினான்.

"இத மட்டும் திருப்பிக் குடுக்கல. ஆஸ்பத்திரில எனக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தா. முடிக்கல. கதையில வர்ற அந்தப் பொண்ணு ஆத்தைத் தாண்டிப் போனாளா இல்லையான்னு மூணு வருசமா தெரியல எனக்கு."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு கோடுகள் நின்றிருந்தன. அடுத்த பக்கத்தை ஆண்டாள் வாய்விட்டுப் படித்தாள். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நிறுத்தட்டுங்களா?"

"படி. அவளும் முடிவு தெரியக் காத்துக்கிட்டுதான் இருப்பா."

ஆண்டாள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆனாலும் படித்தாள். ஐந்து ஞாயிறுகளில் புத்தகம் முடிந்தது. அந்தப் பெண் ஆற்றைத் தாண்டவில்லை.

கொளஞ்சியப்பன் புத்தகத்தை வாங்கி மறுபடி அந்தத் துணியில் சுற்றினான்.

"இத அவகிட்ட எப்புடிச் சொல்றது?" என்றான்.