கவிச்சி ஏறாத வீடு

என் தம்பி சேதுபதி நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவனைத் திட்டப்போகிறேன்.

அவன் மனைவி விஜயாவுக்கு நுரையீரலில் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் படம் பிடித்துச் சொன்ன சமயத்தில், நாடு முழுக்க மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சாக இருந்தது. காஜா பெராங்கில் எங்கள் குடும்பத்தில் மட்டும் இருமல் பேச்சு. சில மாதங்கள் வார்டில் வைத்திருந்துவிட்டு, இனி ஊசிக்கு வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வீட்டில் இருக்கும் நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். ஊசி கிருமியைக் கொல்லும், தேய்ந்த உடம்பைச் சாப்பாடுதான் தேற்ற வேண்டும். முட்டை, மீன், பால் தினமும் வேண்டும். ஜன்னல் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் புகை கூடவே கூடாது. உடம்பு தேறி, சளியில் கிருமி இல்லை என்று ஆகிவிட்டால், புக்கிட் ரம்பாயில் விஜயாவின் அக்காவிடம் விட்டிருந்த கைக்குழந்தை சீதாவை அழைத்து வந்துவிடலாம். விஜயா காதில் விழுந்தது இந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.

தம்பி அன்றைக்கே சிகரெட்டை விட்டான். பெட்டியோடு சாக்கடையில் எறிந்தான். மீசை முளைத்த நாளிலிருந்து ஊதியவன். எனக்கே கண் கலங்கியது. அதோடு நின்றிருக்கலாம். மறுநாள் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டான்: விஜயா குணமாகும்வரை இந்த வீட்டில் கவிச்சி ஏறாது. மீன் கிடையாது, முட்டை கிடையாது. சாயங்காலமானால் சாம்பிராணி. அந்தப் புகை வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்துவான். ஈரக்காற்றுப் பட்டால் இருமல் கூடும் என்று பகலிலும் சாத்துவான். சிகரெட் புகை ஆகாதாம், சாமி புகை ஆகுமாம்.

எவ்வளவோ சண்டை போட்டேன். டாக்டரை அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஊசிக்குத் தவறாமல் பெச்சா வண்டி பிடித்துக் கூட்டிப்போனான். பாலும் வாங்கிக் கொடுத்தான். வேண்டுதலைப் பாதியில் விட்டால் தாய் பொறுக்கமாட்டாள், வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும், சாமி ஒரு பக்கம் இருக்கட்டும் என்றான். ஒன்றின் காலை மற்றொன்று வாரிவிடுவது அவன் கண்ணில் படவே இல்லை.

அவன் வேலைக்குப் போயிருந்தபோது அவித்த முட்டையை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனேன். விஜயாவுக்கு முட்டை என்றால் உயிர். கையில் வாங்கி, அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு திருப்பித் தந்துவிட்டாள்.

"வேணாம் அண்ணி. அவரு எனக்காக வாயக் கட்டிக்கிட்டு இருக்காரு. நான் திருட்டுத்தனமா தின்னா அவருக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"ஒனக்கு ஆனா பரவால்லயா?"

சீதாவுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள்.

மெர்டேக்கா அன்று தெருவில் ஊர்வலம் போனது. பேண்டுச் சத்தம் கேட்டு விஜயா ஆசைப்பட்டதால் தம்பி ஜன்னலைத் திறந்தான். கொடி பிடித்துப் போன பிள்ளைகளை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். காற்றை வாய் நிறைய இழுத்தாள். முகத்தில் பழைய களை வந்துவிட்டது போல எனக்குப் பட்டது. ஊர்வலம் தாண்டியதும் அவன் எழுந்து சாத்திவிட்டான். அவனைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

மழைக்காலத்தில் அவள் எலும்பும் தோலுமாகிவிட்டாள். என்னதான் சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்க, தம்பி மறைக்காமல் வேண்டுதலைச் சொன்னான். டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உடனே வார்டில் சேர்த்தார்கள், முட்டையும் மீனும் கொடுத்தார்கள். அவளால் விழுங்க முடியவில்லை. சீதாவை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தாள்.

கருமாதிக்குப் படையல். போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போடுவது எங்கள் வழக்கம். தம்பியே பாசாருக்குப் போய் மீனும் இறாலும் முட்டையுமாகக் கூடை நிறைய வாங்கி வந்தான். அந்த வீட்டு அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. விஜயாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அவித்த முட்டைகளை அவனே உரித்து இலையில் வைத்தான். அன்றைக்கு என் முந்தானையில் இருந்த அந்த ஒரு முட்டையை நினைத்து வாய்விட்டு அழுதேன்.

இலை போட்டதும் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். போனவர் வந்து நிம்மதியாகச் சாப்பிடுவார் என்று நம்பிக்கை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். தம்பி சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான். நான் ஜன்னல் கதவை இழுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத மூடாதக்கா," என்றான். "அவளுக்கு மூச்சு முட்டும்."