ஜூனில் முளைக்கும் வீடு

என் அம்மாவின் வீடு ஆண்டுதோறும் ஜூன் மாதம் மண்ணிலிருந்து முளைக்கும். நாலு சுவர், ஒரு வாசல், எல்லாம் பச்சையாக. கேப் டவுனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். நம்பாதவர்கள் மழைக்காலத்தில் வந்து பார்த்திருக்கலாம்.

அந்தப் பச்சை ஒரு பூச்செடி. பூக்கடைகளில் கல்லா லில்லி என்பார்கள். எங்களுக்கு அது பன்றிக்காது. அம்மா துணி வெளுத்த தண்ணீர் பாயும்படி, நாலு சுவரையும் ஒட்டிக் கிழங்கு நட்டிருந்தாள். ஒவ்வொரு பூவும் தொட்டில் அளவு. ஒன்றைக் குடையாகப் பிடித்துப் பாதிரியாரே கோயிலுக்குப் போனார்.

அறுபத்தாறில், இந்தச் சரிவு வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. எங்களை லாரியில் ஏற்றினார்கள். பாசன் என்ற பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரால் வீட்டைத் தள்ளிவிட்டு வேலியை நகர்த்திக்கொண்டார். கிழங்குகளுக்கு மட்டும் யாரும் உத்தரவு காட்டவில்லை.

சலவைக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, புது அரசாங்கத்திடம் நிலத்தைத் திருப்பிக் கேட்டேன். பத்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே வீடு இருந்தது என்று காட்டினால் போதும் என்றார்கள். ஜூனில் ஆய்வாளர் வந்தார். அவர் ஷூவின் பளபளப்பில் தவளைகள் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டன. பாசனின் மகன் ஹெண்ட்ரிக்கும் வந்தார். வீடு இடிந்தபோது பதினைந்து வயதுப் பையன். இப்போது பண்ணை அவருடையது.

"லேனி சும்மா அளக்கிறா சார். இங்க வீடே இருந்ததில்ல. பன்றிக்காது எல்லா ஓடையிலயும் தானா மொளைக்கும்."

"தானா மொளைக்கிறது மூலைமட்டம் வச்சா மொளைக்கும், தம்பி? நடுவுல வாசலுக்கு இடம் விட்டு?"

"அது முள்ளம்பன்னி தின்ன இடம்."

"படிச்ச முள்ளம்பன்னி போல. சரியா மூணடி தின்னிருக்கு."

ஆய்வாளரின் செல்போன் அடித்தது. திரும்பி நின்று பேசினார். "உள்ள ஒண்ணுமே இல்ல, பாருங்க" என்றபடி ஹெண்ட்ரிக் அந்த இடைவெளி வழியாக நுழைந்தார். ஆறடிக்கு மேல் உயரம். நுழையும்போது தலையைக் குனிந்துகொண்டார். மேலே வானம் மட்டும்தான் இருந்தது.

"சார், குனியறாரு பாருங்க" என்றேன்.

ஆய்வாளர் திரும்புவதற்குள் நிமிர்ந்துவிட்டார். "கொசு" என்றார்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது: குடியிருப்பு இருந்ததற்கான தடயம் இல்லை. செப்டம்பரில், பூ நிறைந்து நிற்கையில், ஹெண்ட்ரிக் அந்த இடத்தை உழுதுவிட்டார். வேலியோரம் கைக்கெட்டிய கிழங்குகளைப் பொறுக்கிவந்து, நகராட்சி கொடுத்த வீட்டின் சிமெண்டு முற்றத்தில் பெயிண்ட் டப்பாக்களில் நட்டேன். டப்பாவில் வளர்வதற்கு எப்போதும் காலடியில் தண்ணீர் வேண்டும். ஒரு நாள் தவறினால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். தினமும் ஏழாயிரம் வாளி சுமக்கிறேன். டப்பாக்களை நாலு வரிசையாகத்தான் வைத்தேன். வாசலுக்கு இடம் விட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெண்ட்ரிக் தீவனச் சாக்கோடு வந்தார். முழங்கால் உயர டப்பாக்களுக்கு நடுவே நுழைந்தவர், குனிந்தார்.

சாக்கை இறக்கினார். "மிச்சக் கிழங்கு. உழவுல வந்துச்சு."

"இங்கயும் கொசுத் தொல்லையா, தம்பி?"

 அவர் நெற்றியைத் தடவினார்.

"உங்கம்மா வீட்டு வாசல் நிலை ரொம்பத் தாழ்வு, லேனி அக்கா. காப்பிக்கு வந்தப்பல்லாம் தலைய இடிச்சிருக்கேன். வீடு இருந்துச்சு."