இன்ஜின் மேற்கு, எண்ணெய் கிழக்கு

டீசல் பயணிகள் ரயில் வண்டிகளுக்கு இனி ஒரே வகை இன்ஜின், அதன் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக ஒரே வகை டிரான்ஸ்மிஷன் என்று ரயில்வே தலைமை அலுவலகம் முடிவெடுத்தது. எதை வைத்துக்கொள்வது என்று சிபாரிசு செய்யும் வேலை இளைய இன்ஜினியரின் தலையில் விழுந்தது. மூத்தவர்கள் எல்லோருக்கும் அந்த வாரம் பார்த்து அவசர வேலை வந்திருந்தது.

அவள் குடியிருந்தது அக்கா வீட்டில். அத்தான் மேற்கு ஷெட்டின் ஃபோர்மன். அங்கே எல்லாம் கியர் வண்டிகள். கிழக்கு ஷெட்டில் எண்ணெய் வண்டிகள்: இன்ஜின் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் சக்கரத்தைச் சுழற்றும். அந்த ஷெட்டின் ஃபோர்மனுக்கு அத்தான் வைத்திருந்த பெயர் கொழகொழ. எந்த வகை தோற்கிறதோ அந்த ஃபோர்மன் மற்றவருக்குக் கீழே போக வேண்டும்.

"அந்தக் கொழகொழ முன்னாடி நான் லீவு கேட்டு நிக்கணுமா? அதுவும் சொந்தக் கொழுந்தியா கையெழுத்துல?" என்றார் அத்தான், சாப்பாட்டு மேசையில்.

"நான் இன்னும் எழுதவே இல்லையே அத்தான்."

"எழுதப் போறது முகத்துலயே தெரியுது."

முகத்தில் இருந்தது வெறும் குழப்பம்தான் என்று அவள் நினைத்தாள். அதிலும் அவளுக்கு உறுதியில்லை.

தனித்தனியாக ஓட்டிப் பார்த்ததில் இரண்டும் நன்றாகவே ஓடின. ஆகவே இரண்டையும் கோத்து ஒரே ரயிலாக ஓட்டச் சொன்னாள். முன்னால் கியர் வண்டி, பின்னால் எண்ணெய் வண்டி, அதற்குள் அவள் சிபாரிசைப் பார்த்து முடிவு செய்யப்போகும் அதிகாரிகள் குழுவும் இரு ஃபோர்மன்களும். கியர் மாறும்போதெல்லாம் முன் வண்டி ஒரு கணம் மூச்சு வாங்கியது. பின் வண்டி அந்த நேரம் பார்த்து முட்டித் தள்ளியது. பெரிய அதிகாரியின் தேநீர் அவர் மடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"யார் வண்டிய்யா இது?"

"முன்னாடி நின்னு வழி மறிக்கிறது அவரு வண்டி சார்," என்றார் கொழகொழ.

"பின்னாடி வந்து இடிக்கிறது இவரு வண்டி சார்," என்றார் அத்தான்.

திரும்பும் வழியில் எண்ணெய் வண்டியின் இன்ஜின் நின்றது. அதைத் தொட வேண்டுமானால் தரைப்பலகையைத் தூக்க வேண்டும். பலகையின் மேல் குழு உட்கார்ந்திருந்தது. குழு எழுந்து நின்றது. மேற்கு ஷெட் இன்ஜின் வண்டிக்கடியில் படுத்தவாக்கில் இருக்கும், பக்கவாட்டு மூடியைத் திறந்தால் கை எட்டும் என்பதை அத்தான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவள் எழுதினாள்: இன்ஜின் மேற்கு ஷெட்டுடையது, கை எட்டும். டிரான்ஸ்மிஷன் கிழக்கு ஷெட்டுடையது. எந்த வண்டியோடு எந்த வண்டியைக் கோத்தாலும் இடிக்காது. இவ்விரண்டையும் இதுவரை யாரும் சேர்த்ததில்லை என்றும் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். குழு ஒப்புக்கொண்டது. முதல் வண்டியை இரு ஃபோர்மன்களும் சேர்ந்து கட்ட வேண்டும். யாருக்குக் கீழேயும் யாரும் இல்லை. எல்லோரையும் திருப்திப்படுத்திவிட்டதாக அவள் வீடு போய்ச் சேரும்வரை நினைத்திருந்தாள்.

"என் இன்ஜினைக் கொண்டுபோய் அவன் வீட்டுல கட்டிக் குடுத்துட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கல," என்றார் அத்தான் அக்காவிடம். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வண்டி கட்டத் தொடங்கிய பிறகும் சாப்பாட்டு மேசையில் எல்லாம் அக்கா வழியாகத்தான்.

"அந்த மேடத்தை உப்பைத் தள்ளச் சொல்லு."

தள்ளினாள்.

"கொழகொழவும் உன்னைத்தான் திட்டறாராம்," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டே திட்டறாங்களாம். இத்தனை வருஷத்துல இப்பதான்டி ஒத்துப் போயிருக்காங்க."

அத்தான் தொண்டையைச் செருமினார். "இன்ஜினோட பின்பக்கமும் அந்த டிரான்ஸ்மிஷன் பெட்டியோட வாயும் பொருந்தல. போல்ட் ஓட்டை ஒண்ணுக்கொண்ணு சேரல. மேடம் என்ன சொல்றாங்கன்னு கேளு."

"நடுவுல ஒரு வளையம் கடைஞ்சு போடச் சொல்லுக்கா. ஒரு பக்கம் இன்ஜின் ஓட்டை, மறுபக்கம் பெட்டி ஓட்டை."

அக்கா சொன்னாள்.

"எவ்வளவு தடிமன்னு கேளு."

"தண்டு நீளத்தைப் பொறுத்ததுன்னு சொல்லு."

"எந்தத் தண்டுன்னு கேளு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தடிமனும் தெரியாது, தண்டும் தெரியாது. நீங்களே பேசித் தொலைங்க." தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அத்தான் உப்புச் சீசாவைப் பார்த்தார்.

"எந்தத் தண்டு?" என்றார், அதனிடம்.

"நேர்ல வந்து அளந்து காட்டறேன் அத்தான்."

அவர் உப்புச் சீசாவை அவள் பக்கம் தள்ளினார்.

"காலையிலயே வா. கொழகொழ வர்றதுக்கு முன்னாடி."